கீபோர்டைக் கொஞ்சம் கூட்டுங்கோ

முதலே சொல்லிவிடுகிறோம். பிங்க் ஃப்ளொய்ட்டின் 'தி எண்ட்லெஸ் ரிவர்' ஒரு பெரிய அல்பம் இல்லை. 2014 நவம்பரில் அது வெளிவந்தபோது எங்களுக்குப் பிடிக்கவும் இல்லை. எங்களில் ஒருத்தனின் மச்சான் லண்டனில் இருந்து அனுப்பிய ஃபைல்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் தண்ணி மோட்டர் இருக்கிற கொட்டிலுக்குள் போய், இரண்டு கொம்பியூட்டர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். அப்போது நாங்கள் நாலு பேர். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. ஒருத்தரும் பாடத் தொடங்கவில்லை.

"டேய், இது இன்னும் இன்ட்ரோவா, இல்லாட்டி பாட்டே இதுதானா?"

இருபதாவது நிமிடம் அளவில் நிற்பாட்டிவிட்டு 'தி வோல்' அல்பத்தைப் போட்டோம். நிற்பாட்டப் போகும்போது, "பொறுங்கோடா, இது நல்லாத்தானே இருக்கு" என்று ஒருத்தன் மட்டும் சொன்னான். எங்களுடைய கீபோர்ட்காரன். நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளும் பழக்கம் எங்களிடம் இருக்கவும் இல்லை.

இது அந்த அல்பத்தைப் பற்றிய கட்டுரை. அவனைப் பற்றியதும்தான். ஆனால் அவன் கேட்டால் இல்லையென்று சொல்வோம்.

அந்த அல்பம் உருவான விதம் கொஞ்சம் விசித்திரமானது. 1993இல் மூன்று பேர் ஓர் அறைக்குள் இருந்துகொண்டு, இன்னதுதான் வாசிப்பது என்ற திட்டம் ஏதும் இல்லாமல் நாள்கணக்காக வாசித்தார்கள். கிற்றாரில் டேவிட் கில்மோர், டிரம்ஸில் நிக் மேசன், கீபோர்டில் றிச்சர்ட் ரைட். முதலில் லண்டனில் பிரிட்டானியா ரோ ஸ்டூடியோவில். பிறகு தேம்ஸ் நதியில் கட்டிவைத்திருக்கிற 'அஸ்டோரியா' என்ற படகு வீட்டில். 1911இல் கட்டிய அந்தப் படகை கில்மோர் வாங்கி உள்ளே ஸ்டூடியோ ஒன்றை அமைத்திருந்தார். அந்த வாசிப்புகளுக்குள் இருந்து பொறுக்கி எடுத்து வளர்த்தவைதான் 1994இல் 'தி டிவிஷன் பெல்' அல்பமாக வந்தன. மிச்சம் அப்படியே கிடந்தது. ஒலிப்பதிவாளர் அண்டி ஜாக்சன் அந்த மிச்சத்தில் இருந்து ஒரு மணித்தியால அளவில் ஒரு தொகுப்பைச் செய்து, அதற்கு 'தி பிக் ஸ்ப்ளிஃப்' என்று பகிடியாக ஒரு பெயரும் வைத்தார்கள். அது வெளியே வரவேயில்லை.

2008 செப்டெம்பர் 15ஆம் திகதி ரைட் புற்றுநோயால் இறந்துபோனார். வயது 65. அதற்கு நாலு வருடம் கழித்து, ரொக்சி மியூசிக் குழுவின் கிற்றார் கலைஞர் ஃபில் மன்சநேரா அந்தப் பழைய ஒலிப்பதிவுகளை இருபது மணித்தியாலம் அளவுக்கு இருந்து கேட்டார். அதில் இருந்து நாலு பகுதிகளாக ஒரு வடிவம் பிடித்தார். பிறகு கில்மோரும் மேசனும் ஸ்டூடியோவுக்குப் போய், 1993இல் ரைட் வாசித்துவிட்டுப் போனவற்றுக்கு மேல் 2013இலும் 2014இலும் புதிதாக வாசித்தார்கள்.

வயதான ரொக் பேண்டுகள் திரும்பச் சேர்ந்து அல்பம் போடுவது புதினமான விசயம் இல்லை. அதிலும் புரோகிரசிவ் ரொக் ஆட்களுக்கு அது ஒரு வழக்கம் மாதிரி. யார் யாரோடு கோபம், எந்தப் பெயரில் யார் மேடையேறலாம், எந்த வழக்கு எங்கே நிற்கிறது என்று விளங்கிக்கொள்ளவே தனியாக ஒரு கொப்பி வேண்டும். ஆனால் இந்தச் சேர்க்கையில் சேரவேண்டிய ஆள் அல்பம் வருவதற்கு ஆறு வருடத்துக்கு முதலே செத்துப்போய்விட்டார். சேர்ந்தது அவருடைய கை மட்டும்.

ரைட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். 1965இல் லண்டனில் பிங்க் ஃப்ளொய்ட்டைத் தொடங்கிய நாலு பேரில் ஒருவர். சிட் பரெட், ரொஜர் வோட்டர்ஸ், மேசன், ரைட். பரெட்டைத் தவிர்ந்த மூன்று பேரும் ரீஜன்ட் ஸ்ட்ரீட் பொலிடெக்னிக்கில் கட்டடக்கலை படிக்கப் போனவர்கள். பரெட் மனம் குழம்பி 1968இல் விலக, அதற்குச் சற்று முன்னர் வந்து சேர்ந்தவர்தான் கில்மோர்.

இந்த பேண்டைப் பற்றிக் கதைக்கிற எல்லாரும் இரண்டு பேரைத்தான் கதைப்பார்கள். வோட்டர்ஸின் சொற்கள், கில்மோரின் கிற்றார். நாங்களும் அப்படித்தான். கொட்டிலுக்குள் இரண்டு கட்சி இருந்தது, மூன்றாவது கட்சி இருக்கலாம் என்று நினைக்கவும் இல்லை. 'எக்கோஸ்' என்ற 23 நிமிடப் பாட்டு எப்படித் தொடங்குகிறது? பியானோவின் ஒற்றைச் சுரம். அதைச் சுழல்கிற லெஸ்லி ஸ்பீக்கருக்குள் விட்டு எடுத்தது. ஆழமான கிணற்றுக்குள் ஒரு துளி விழுந்த மாதிரி இருக்கும். அது ரைட். 'அஸ் அண்ட் தெம்' பாட்டின் அந்தப் பியானோ நடை, அன்ரொனியோனியின் 'சப்ரிஸ்கி பொயின்ட்' படத்துக்கென்று அவர் வாசித்து, இயக்குநர் வேண்டாம் என்று தள்ளிவிட்டது. அது சும்மா கிடந்து 1973இல் 'தி டார்க் சைட் ஒஃப் த மூன்' அல்பத்துக்குள் வந்தது. அதே அல்பத்தில் 'தி கிரேட் கிக் இன் த ஸ்கை' அவருடைய இசை. 'பிரீத்' பாட்டில் ஒரு கோர்ட் மாறுகிற இடம் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ' அல்பத்தைக் கேட்டதால் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ரொக் ஆட்கள் ப்ளூஸில் இருந்து வந்தபோது இந்த மனிசன் ஜாஸில் இருந்து வந்தவர். பிங்க் ஃப்ளொய்ட்டின் பாட்டுகளுக்குள் கண்ணை மூடினால் ஒரு பெரிய இடம் விரிகிற மாதிரி இருக்கிறதே, அந்த இடத்தில் பெரும்பங்கு அவருடைய கையால் வந்தது. 'ஷைன் ஒன் யூ கிரேசி டயமன்ட்' பாட்டில் முதல் சொல் வர எட்டு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். அந்த எட்டு நிமிடத்தைத் தாங்கிப் பிடிக்கிற முதல் கோர்டை யார் அமத்திக்கொண்டிருக்கிறார் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு அவர் மெல்ல மெல்லக் காணாமல் போகிறார். 1977இல் வந்த 'அனிமல்ஸ்' அல்பத்தில் ஒரு பாட்டிலும் ஆக்கியவராக அவருடைய பெயர் இல்லை. 1979இல் 'தி வோல்' பதிவு நடந்துகொண்டிருக்கும்போது, விடுமுறையை இடையில் முறித்துக்கொண்டு பதிவுக்கு வரச்சொன்னார்கள். அவர் மறுத்தார். அவருடைய கலியாண வாழ்க்கை உடைந்துகொண்டிருந்த காலம். பேண்டுக்குள் அவர் அப்போது பெரிதாக ஒன்றும் செய்யவும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வோட்டர்ஸ் அவரை வெளியே போகச் சொன்னார். மற்ற இரண்டு பேரும் தடுக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்தது எங்களுக்கு முதலில் பகிடியாக இருந்தது. 1980இலும் 1981இலும் 'தி வோல்' மேடை நிகழ்ச்சிகளில் ரைட் சம்பளத்துக்கு வந்து கீபோர்ட் வாசித்தார். தான் தொடங்கிய பேண்டில் கூலிக்கு. மேடையில் பெரிய மதில் கட்டி இடிக்கிற நிகழ்ச்சி அது, செலவு தாங்கமுடியாமல் நட்டம். நட்டம் முதலாளிமாரான மூன்று பேருக்கும். காசோடு வீட்டுக்குப் போனது ரைட் மட்டும்.

1983இல் 'தி ஃபைனல் கட்', அதில் அவர் இல்லவே இல்லை. 1985இல் வோட்டர்ஸ் விலகினார், பெயர் யாருக்கு என்ற சண்டை வந்தது. கில்மோரும் மேசனும் 1987இல் 'எ மொமென்டரி லாப்ஸ் ஒஃப் ரீசன்' போட்டபோது ரைட் திரும்பி வந்தார். முழு உறுப்பினராக அல்ல. 1994இல் 'தி டிவிஷன் பெல்' அல்பத்தில் பல பாட்டுகளை ஆக்கியவர்களில் ஒருவராக அவருடைய பெயர் வந்தது, 'வேரிங் தி இன்சைட் அவுட்' பாட்டை அவரே பாடினார். அப்போதும் ஒப்பந்தத்தில் அவர் முழு உறுப்பினர் இல்லை.

2005 ஜூலை 2ஆம் திகதி லண்டன் ஹைட் பார்க்கில், லைவ் 8 நிகழ்ச்சியில், நாலு பேரும் 24 வருடங்களுக்குப் பிறகு ஒன்றாக ஏறினார்கள். யூடியூபில் அதை எத்தனை தரம் பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. கடைசியில் வோட்டர்ஸ் மற்றவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டுக் கட்டிப்பிடிப்பார். கில்மோரின் முகத்தைப் பார்த்தால் சங்கடம் தெரியும். எல்லாரும் அந்த இரண்டு பேரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நாங்களும்தான்.

எங்கட கதைக்கு வருவம்.

எங்களுடையது பேண்ட் என்று சொல்லக்கூடியதல்ல. ஒரு கிற்றார், ஒரு பேஸ், இரவல் டிரம்ஸ், கீபோர்ட். கீபோர்ட்காரன் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறவன். தேவாலயத்தின் யமஹா கீபோர்டை சனிக்கிழமை எடுத்துவந்து ஞாயிறு முதற்பூசைக்கு முதல் கொண்டுபோய் வைப்பான், சைக்கிள் கரியரில் கட்டி, மேலே உரப்பை போட்டு மூடி. எங்களில் சங்கீதம் ஒழுங்காகப் படித்தவன் அவன் ஒருத்தன்தான். கிற்றார்காரன் பிழையான கோர்ட் பிடித்தால், "அது மைனர்" என்று மெதுவாகச் சொல்வான். சொல்லிப்போட்டுக் குனிந்துகொள்வான்.

2015இல் ஒரு போட்டி வந்தது. 'கம்ஃபர்டப்ளி நம்' வாசிக்கிறதென்று முடிவெடுத்தோம், கிற்றார் சோலோவுக்காக. போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது எங்களுக்குள் ஒரு கதை வந்தது. கீபோர்ட் இருந்தால் கலியாண வீட்டு இசைக்குழு மாதிரிக் கேட்குது. ரொக் மாதிரி இல்லை. சத்தம் பாரமாக வரவேண்டும். இதை நாங்கள் மூன்று பேரும் அவன் இல்லாத நேரத்தில் கதைத்து முடித்துவிட்டு, அவனிடம் சொல்லும்போது, "மேடையில இடம் காணாதாம் மச்சான்" என்று சொன்னோம். அவன் சரி என்றான். அவ்வளவுதான் நடந்தது. சண்டையில்லை, கோபமில்லை.

போட்டியன்று அவன் வந்தான். ஏனென்றால் நாங்கள் பாவித்த ஆம்ப் அவன் பாடகர் குழுவிடம் கெஞ்சி வாங்கித் தந்தது. வயர்களைக் கொழுவினான், ஜாக் இரைந்தபோது மேடைக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்து அதைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தான். எங்களுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டில் கிற்றார் சோலோவுக்குக் கீழே ஏதோ ஒன்று இல்லாமல், குடை இல்லாத கம்பி மாதிரி நின்றது எங்கள் வாசிப்பு. நடுவர்மாருக்கும் அது தெரிந்திருக்கும். எங்களுக்குத்தான் கனகாலம் எடுத்தது.

ஏ.எல். முடிய அவன் வேலைக்கு டோஹா போனான். நாங்கள் கொழும்பும் யாழ்ப்பாணமுமாகச் சிதறினோம். பேண்ட் கலைந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை.

2020இல் ஊரடங்கு போட்டபோதுதான் 'தி எண்ட்லெஸ் ரிவர்' திரும்பவும் எங்களிடம் வந்தது. மூன்று பேரும் மூன்று வீட்டில், இரவு ஒன்பது மணிக்கு, "மூண்டு, ரெண்டு, ஒண்டு" என்று வட்ஸ்அப்பில் எண்ணி ஒரே நேரத்தில் ஓட விடுவோம். ஒவ்வொரு இரவும் ஓர் அல்பம். எல்லாம் கேட்டு முடிந்து, கடைசியில் மிச்சம் இருந்தது இதுதான்.

இந்தமுறை நிற்பாட்டவில்லை.

அல்பம் பேச்சுக்குரல்களோடு தொடங்குகிறது. முதல் துண்டின் பெயர் 'திங்ஸ் லெஃப்ட் அன்செட்', சொல்லாமல் விட்டவை. பழைய பதிவுகளில் இருந்து எடுத்த குரல்கள். தங்களுக்குள் வாயால் சொல்லாத ஒரு விளக்கம் இருக்கிறது, அதேநேரம் சொல்லாமலே போன விசயங்களும் நிறைய இருக்கின்றன என்ற கருத்தில் ரைட்டின் குரல் கதைக்கிறது. செத்துப்போன மனிசன், அமைதியாக, ஒரு குறையும் சொல்லாத தொனியில். பிறகு அவருடைய கீபோர்ட் மெல்லப் பரவுகிறது. கில்மோர் கொஞ்சம் பொறுத்துத்தான் கிற்றாரைத் தொடுகிறார்.

'இட்ஸ் வட் வீ டூ' என்ற அடுத்த துண்டு அப்படியே 'ஷைன் ஒன்' பாட்டின் நிழல். 'அலோன்-சி' என்று இரண்டு துண்டு வரும், 'ரன் லைக் ஹெல்' பாட்டைக் கழுவிக் காயப்போட்ட மாதிரி. 'ஸ்கின்ஸ்' துண்டில் மேசன் அறுபதுகளில் அடித்தது போல டிரம்ஸை உருட்டுகிறார். பிங்க் ஃப்ளொய்ட்டின் எல்லா அல்பத்திலும் இருந்த ஒரே ஆள் அவர்தான், அவருக்கு இதிலாவது கொஞ்சம் வெளி கிடைத்தது சந்தோசம். ஆனால் 18 துண்டுகளில் பல இரண்டு நிமிடம் கூட இல்லை. ஒன்று சூடு பிடிக்கும்போது தேய்ந்து போய்விடும். 1993இல் அவை பாட்டாகவில்லை என்பதற்குக் காரணம் இருந்திருக்கிறது என்று பல இடங்களில் தோன்றும். எழுதி முடிக்காத கடிதங்களை ஒரு புத்தகமாகக் கட்டிவைத்த மாதிரி. 'டோக்கின் ஹோக்கின்' துண்டில் ஸ்டீபன் ஹோக்கிங்கின் இயந்திரக் குரல் வருகிறது. ஒரு தொலைபேசி நிறுவன விளம்பரத்துக்காகப் பேசியது அது, 1994இலேயே 'கீப் டோக்கிங்' பாட்டில் இதே வேலை செய்துவிட்டார்கள். இரண்டாம் தரம் அது எங்களுக்கு அவ்வளவாக எடுபடவில்லை. வெளிவந்த காலத்தில் இதைத் திட்டிய விமர்சகர்கள் பிழையாகத் திட்டவில்லை. வோட்டர்ஸ் தனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று முகநூலில் அறிவித்துவிட்டுப் போனார். அதையும் பிழை சொல்ல ஏலாது. அவர் இல்லாததும் கேட்கத்தான் செய்கிறது. கோபம் இல்லை, வாதம் இல்லை, யாரையும் எதிர்த்து நிற்கிற ஒரு வரியும் இல்லை.

இதெல்லாம் சரி. ஆனால் ரைட் தனியாக வாசிக்கிற இடங்கள் வரும்போது மூன்று பேரும் வட்ஸ்அப்பில் எழுதுவதை நிற்பாட்டிவிட்டோம்.

'த லொஸ்ட் ஆர்ட் ஒஃப் கொன்வசேஷன்' அப்படி ஓர் இடம். இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. பியானோவில் ஓர் ஆள் யோசித்துக்கொண்டிருக்கிற சத்தம். ஒரு சுரத்தை வைத்துவிட்டு, அது அடங்கும்வரை பொறுத்து, அடுத்ததை வைக்கிறார். பிறகு 'ஓட்டம் சிக்ஸ்டி எய்ட்'. அறுபதுகளின் கடைசியில் ரோயல் அல்பேட் மண்டபத்தின் பெரிய குழாய் ஓர்கனில் இளந்தாரியான ரைட் வாசித்துப் பார்த்த பதிவொன்றைத் தேடி எடுத்திருக்கிறார்கள். அவர் 1970இல் எழுதிய 'சம்மர் சிக்ஸ்டி எய்ட்' பாட்டை நினைவுபடுத்தித்தான் அந்தப் பெயர். அந்த ஓர்கனுக்கு மேல் 2014இன் கில்மோர் கிற்றாரை மெல்லியதாக இழுக்கிறார். நாற்பத்தைந்து வருட இடைவெளியில் இரண்டு பேர் ஒரே கோர்டுக்குள் இருக்கிறார்கள். எங்களில் ஒருத்தன் அடுத்தநாள் சொன்னான்: "மச்சான், கில்மோர் அதில சோலோ அடிக்கேல்ல. கீபோர்டுக்கு துணை வாசிக்கிறார்." அதுதான். வாழ்க்கை முழுக்க ரைட் செய்த வேலையை இப்போது கில்மோர் ரைட்டுக்குச் செய்கிறார்.

ரைட் இறந்த கிழமை கில்மோர் ஒரு குறிப்பு எழுதினார். பிங்க் ஃப்ளொய்ட் என்பது யார், எது என்ற சண்டைகளுக்குள் ரிக்கின் பெரிய பங்களிப்பு அடிக்கடி மறக்கப்பட்டது என்ற கருத்து அதில் இருந்தது. உண்மைதான். ஆனால் மறந்தவர்களில் தானும் ஒருவர் என்பது அந்த வசனத்தில் இல்லை. 1979இல் தடுக்காத இரண்டு பேரில் ஒருவர் அவர். 1994இல் ரைட்டை முழு உறுப்பினராக்காத ஒப்பந்தமும் அவருடைய பேண்டின் ஒப்பந்தம். இதற்காக கில்மோரைக் கெட்டவர் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. 2006இல் தன்னுடைய தனிச் சுற்றுப்பயணத்துக்கு ரைட்டைக் கூட்டிக்கொண்டு போய், 'எக்கோஸ்' பாட்டை ஊர் ஊராக இரண்டு பேரும் குரல் சேர்த்துப் பாடியவர் அவர். ரைட் போன பிறகு அந்தப் பாட்டை இனி வாசிக்க ஏலாது என்றும் சொல்லியிருக்கிறார். பிழை விட்டவனும் அவன்தான், அதிகம் தேடுகிறவனும் அவன்தான். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

அதனால்தான் கடைசிப் பாட்டைப் பற்றி எங்களுக்குள் இன்னும் இணக்கம் இல்லை. 'லவுடர் தன் வேர்ட்ஸ்', அல்பத்திலேயே கில்மோர் வாய் திறந்து பாடுகிற ஒரே பாட்டு. சொற்கள் அவருடைய மனைவி பொலி சாம்சன் எழுதியவை. சண்டை பிடித்தாலும், குறை சொன்னாலும், சேர்ந்து வாசிக்கும்போது வருவது சொல்லைவிடப் பெரியது என்பது அதன் சாரம். எங்களில் இரண்டு பேருக்கு அது தொண்டையை அடைக்கும். மற்றவனுக்கு எரிச்சல் வரும். "வாசிச்சது பெருசுதான், ஆனா வாயாலயும் ஒருக்கா சொல்லியிருக்கலாமே, ஆள் உயிரோட இருக்கேக்க" என்பது அவனுடைய வாதம். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை நாங்கள்.

அட்டைப்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேகங்களுக்கு மேல் ஓர் ஆள் தனியாகப் படகு வலித்துக்கொண்டு போகிற படம். பிங்க் ஃப்ளொய்ட்டின் பிரபலமான அட்டைகளைச் செய்த ஸ்டோர்ம் தோர்கெர்சன் 2013இல் இறந்துவிட்டார். இந்தப் படத்தைச் செய்தது அஹ்மத் எமாத் எல்டின், எகிப்தைச் சேர்ந்தவர், அப்போது 18 வயது. கொட்டிலுக்குள் நாங்கள் இந்த அல்பத்தை "கிழடுகளின்ர வேலை" என்று பகிடி பண்ணிக்கொண்டிருந்தபோது, கிட்டத்தட்ட எங்கட வயதுப் பெடியன் ஒருத்தன் அதற்கு முகம் கொடுத்திருக்கிறான். இதுதான் கடைசி என்றும் அப்போது சொன்னார்கள். 2022இல் உக்ரேனுக்காக அதே பெயரில் ஒரு பாட்டோடு வந்தார்கள், அது வேறு கதை.

ஊரடங்கு முடிந்த பிறகு, பழைய போன் ஒன்றின் மெமரி கார்டில் கொட்டில் பதிவு ஒன்று அகப்பட்டது. 14 நிமிடம். 2015, போட்டிக்கு முந்தின மாதமாக இருக்கவேண்டும். தேடியது கிற்றார்காரன், தன்னுடைய சோலோ எப்படி இருந்தது என்று பார்க்க. சோலோ அதில் இல்லை. கிற்றார் ட்யூன் பண்ணுகிற சத்தம், தண்ணி மோட்டர் இரைகிற சத்தம், யார் கடைக்குப் போய் சோடா வாங்குவது என்று நாங்கள் மூன்று பேரும் புடுங்குப்படுகிற சத்தம். இதற்கெல்லாம் அடியில், அவன் கீபோர்ட் வாசித்துக்கொண்டிருக்கிறான். இரண்டு கோர்ட்தான். ஒன்றில் இருந்து மற்றதற்குப் போய், திரும்பி வந்து, கொஞ்சம் மாற்றி, திரும்பப் போய். எங்களில் யாராவது வந்து சேருவோம் என்று பார்த்துக்கொண்டு வாசிக்கிற மாதிரி. பன்னிரண்டு நிமிடம் அப்படியே வாசிக்கிறான். பதின்மூன்றாவது நிமிடத்தில் எங்களில் ஒருத்தனின் குரல்: "டேய், அதைக் கொஞ்சம் நிப்பாட்டு, கதைக்கேலாம கிடக்கு." கீபோர்ட் நிற்கிறது. பிறகு சோடாக் கதை.

அந்தக் குரல் யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை, மூன்று பேரில் யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கக்கூடியதுதான் அது.

'தி எண்ட்லெஸ் ரிவர்' கேட்டிருந்த சூட்டில் நாங்களும் அதைத்தான் செய்தோம். லப்டொப்பில் போட்டு, மோட்டர் இரைச்சலை முடிந்தவரை குறைத்து, கீபோர்ட் துலக்கமாக இருந்த நாலு நிமிடத்தை எடுத்து, அதற்கு மேல் கிற்றாரும் பேஸும் வாசித்தோம். எங்கள் கதைகாரியம் கேட்கிற இடங்களையெல்லாம் வெட்டினோம். கடைசிக் குரலையும். அது நிற்பாட்டுகிற இடத்தில் சத்தம் தானாகத் தேய்ந்து போகிற மாதிரி விட்டோம். வடிவாகத்தான் வந்தது. ஐந்து வருடத்துக்குப் பிறகு நாலு பேரும் ஒரு பாட்டில். டோஹாவுக்கு அனுப்பினோம்.

இரண்டு நாள் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு நாள், வொய்ஸ் மெசேஜ் ஒன்று வந்தது. பின்னால் ஏசி இரைகிறது, யாரோ ஹிந்தியில் கதைக்கிறார்கள்.

"எங்கயடா எடுத்தனீங்கள் இதை? நான் மறந்தே போனன். நல்லாயிருக்கு. ஆனா கிற்றார் கூடிப்போச்சு. கீபோர்டைக் கொஞ்சம் கூட்டுங்கோ."

நாங்கள் சிரித்தோம். பிறகு இரண்டாவது மெசேஜ் வந்தது, பதினொரு செக்கன்.

"கடைசில நீங்கள் கதைக்கிறது ஒண்டு இருந்தது என்ன? அதை ஏன் வெட்டினனீங்கள்?"

இதற்கு என்ன எழுதுவது என்று மூன்று பேரும் தனியாக ஒரு குரூப் போட்டு ஒரு மணித்தியாலம் கதைத்தோம். பிறகு அந்த குரூப்பை அழித்துவிட்டு, 14 நிமிடத்தையும் வெட்டாமல், மோட்டர் இரைச்சலோடு, கீபோர்டை மட்டும் கூட்டி அவனுக்கு அனுப்பினோம். அதற்குக் கீழே, மேடையில் இடம் இருந்தது என்று எழுதினோம்.